கேட்ட தீட்டு

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் தங்கவேலுவிடம் மாமன் மச்சான் முறை என்று சொல்லியிருப்பார், நானும் ரங்கூனைப் பார்த்திருப்பேன். பங்காளி என்று சொல்லித் தொலைத்தார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

அவர் பெயர் நல்லையா. பின்மனா ஸ்டேஷனில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வேலை. ரயில்வேக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் பெண்டாட்டியோடு வண்டியில் போய்வர இலவச பாஸ் கொடுப்பார்கள். கல்யாணமாகி நான் பர்மாவுக்கு வந்ததிலிருந்து அந்த பாஸை நாங்கள் தொட்டதே கிடையாது. வண்டிக்குக் காசு வேண்டாம், சரி. இறங்கிய பிறகு எங்கே படுப்பது, எதைத் தின்பது? ரங்கூனில் நின்றால் காசு, உட்கார்ந்தால் காசு என்று சொல்லியே வருஷா வருஷம் என் வாயை அடைத்துவிடுவார்.

நான் ரங்கூனில் கால் வைத்தவள்தான். மதராஸ் கப்பலில் வந்து அங்கேதானே இறங்கினேன். ஆனால் அன்றைக்கு வாந்தியும் தலைசுற்றலுமாக, கண்ணைத் திறக்காமலே இவர் தோளில் சாய்ந்து ஸ்டேஷனுக்குப் போய் வண்டி ஏறிவிட்டேன். கண்ணைத் திறந்தபோது பின்மனா வந்திருந்தது. அப்புறம் எங்கள் ரயில்வே லயன் வீடுகளில் பக்கத்து வீட்டுக் கனகாம்பாள் ரங்கூன் போய்விட்டு வந்து ஒரு மாசம் அளந்தாள். டிராம் வண்டியில் புகை கிடையாதாம், மாடு கிடையாதாம். மேலே ஒரு கம்பியைத் தொட்டுக்கொண்டு அதுபாட்டுக்கு ஓடுமாம். ஊரின் இந்தக் கோடியில் ஏறினால் அந்தக் கோடியில் இறங்கலாமாம்.

எனக்கு அது நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. ரயிலைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள்தான் நான். ஆனாலும் கடை வாசலையும் வீட்டு வாசலையும் உரசிக்கொண்டு போகிற அந்த வண்டியில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், ராணி மாதிரி உட்கார்ந்து ஊர் பார்க்க வேண்டும். நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. இவரிடம் நான் கேட்டது இந்த ஒன்றுதான்.

தங்கவேலு எங்கள் கையில் அகப்பட்டது அந்த வருஷம் மழை விட்ட சமயத்தில். ரங்கூனில் கியாக்டடா பக்கம் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் பியூன். துரையின் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற வழியில் வண்டி மாறுவதற்காகப் பின்மனாவில் காத்துக் கிடந்திருக்கிறார். தமிழ்க் குரல் கேட்டதும் இவர் போய்ப் பேச்சுக் கொடுத்தார். எந்த ஊர், என்ன ஜாதி என்று விசாரித்துக் கடைசியில் குலதெய்வத்தில் வந்து நின்றது பேச்சு. தங்களுக்கு ஆலடிக் கருப்பர் என்று தங்கவேலு சொல்ல, எங்களுக்கும் ஆலடிக் கருப்பர்தான் என்று இவர் ஒரு போடு போட்டார். ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள், அண்ணன் தம்பிகள். தங்கவேலு பிளாட்பாரத்திலேயே இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ரங்கூனுக்கு வந்தால் தன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் குலசாமி அங்காளம்மன். இவர் வந்து விஷயத்தைச் சொன்னபோது நான் முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு அம்மனிடம் இவருக்காக மன்னிப்புக் கேட்டேன். அதற்கும் பிறகு மூட்டை கட்ட ஆரம்பித்தேன். இருக்க இடம், தின்னச் சோறு, ஓசி வண்டி. இதைவிட மலிவாக யாரால் ரங்கூன் பார்க்க முடியும்? சந்தையில் பர்மாக்காரியிடம் கறுப்புக் கண்ணாடி வளையல் கைக்கு அரை டஜன் வாங்கிப் போட்டுக்கொண்டேன். டிராமில் கம்பியைப் பிடிக்கும்போது கை மூளியாக இருக்கக் கூடாது அல்லவா.

காலை வண்டியில் ரங்கூனில் இறங்கினோம். நாலாம் நாள் மத்தியானம் திரும்பும் வண்டி. குதிரை வண்டிக்கு ஏன் தண்டம் என்று மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கவேலு குடியிருந்த பபேடானுக்கு நடந்தே போனோம். வழியில் டிராம் மணிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கப் போனேன். மூட்டையோடு பராக்குப் பார்க்காதே, சாயங்காலம் நிதானமாகப் பார்க்கலாம் என்றார் இவர். நானும் கேட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தாலும் என் கழுத்தின் மேல் எனக்கே கோபம் வருகிறது.

தங்கவேலுவின் வீடு இரண்டாம் மாடியில் ஒரே ஒரு அறை. நடுவில் கயிறு கட்டி ஒரு பழைய புடவையைத் தொங்கவிட்டிருந்தார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் அடுப்பும் பெண்களும். கதவு தெருப்பக்கம் இருக்கிற மாடிப்படியில் திறக்கும். ஜன்னல் பின்சந்தில் திறக்கும். பின்சந்து என்றால் எல்லா வீட்டுக் குப்பையும் கழிவும் வந்து விழுகிற இடம். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் முதுகு.

தங்கவேலுவின் பெண்டாட்டி ஜெயம்மா ஒல்லியாக, பேசாத கண்ணோடு இருந்தாள். என்னை விடச் சின்னவள். வாங்கக்கா என்றாள், தண்ணீர் கொடுத்தாள், என் வளையலை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். அவள் கையில் இரண்டு பித்தளை வளையல்தான். பாவம், ஆசைப்படுகிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் மீன் குழம்பும் சோறும். தங்கவேலு இவருக்கு விசிறிவிட்டார். இத்தனை வருஷமாக இந்த ஊரில் எனக்கென்று ஒரு பங்காளி இல்லையே என்று ஏங்கிக் கிடந்தேன், ஆலடிக் கருப்பர் கொண்டுவந்து விட்டார் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சாயங்காலம் எங்களை டிராமில் ஏற்றி சூலே பகோடா புத்தர் கோயில் விளக்கைக் காட்டுவது என்றும், மறுநாள் ஏரிக்கரை, அதற்கு மறுநாள் மிருகக்காட்சிசாலை என்றும் ஏற்பாடு. நான் தலைவாரி, பூ வைத்து, முகத்தில் பர்மாக்காரிகள் மாதிரி தனக்காக் கட்டையை அரைத்துப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இவர் மீசையை முறுக்கி முடித்திருந்தார். அந்த மீசைக்குப் பின்மனா ஸ்டேஷனில் தனிப் பெயர் உண்டு.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. தங்கவேலுவின் ஊர்க்காரர் ராஜரத்தினம், அன்று காலைக் கப்பலில் வந்து இறங்கியவர், வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. தங்கவேலுவின் அண்ணன் காலமாகிவிட்டார், பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் தான் கப்பல் ஏறியதாகச் சொன்னார்.

தங்கவேலு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாய் தகப்பன் இல்லாமல் அவரைத் தோளில் போட்டு வளர்த்த அண்ணன் அது. அவர் அழுததைக் கேட்டு எதிர்வீட்டு மதீனா பீவி தன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண் கலங்கியது. யாருடைய அண்ணனாக இருந்தாலும் சாவு சாவுதானே. நாளைக்கு டிராமில் போய்க்கொள்ளலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அப்போது தங்கவேலு இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, நமக்குத் தீட்டு."

நமக்கு என்றார்.

"பதினாறு தாண்டிக் காதுல விழுந்தா கேட்ட தீட்டு. மூணு நாளு. நாலாம் நாள் விடிகாலை ஆத்துல முழுகணும்" என்று தங்கவேலுவே கணக்குச் சொன்னார். மூணு நாள். எங்கள் பாஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி மூணு நாள். பங்காளிக்கு ஒரு தீட்டு என்றால் அவன் பெண்டாட்டிக்கும் அதே தீட்டு. கோயில் கூடாது, அடுத்தவர் வீட்டு வாசல் கூடாது, யாரையும் தொடக் கூடாது. கூட்டத்தில் இடித்துக்கொண்டு டிராமில் போவதைப் பற்றிப் பேச்சே இல்லை. நான் தலையில் இருந்த பூவை எடுத்துப் பின்சந்தில் போட்டேன். கீழே குழாயடியில் கட்டின புடவையோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது தனக்கா கரைந்து வாயில் வழிந்தது.

மறுநாள் விடிந்தது எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், டிராம் மணி கேட்டது. அதற்குப் பிறகு நாள் முழுக்க அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒன்று வரும், நிற்கும், மணி அடிக்கும், போகும். சத்தம் வருகிற பக்கம் ஜன்னல் கிடையாது. பாயில் படுக்கக் கூடாது, வெறுந்தரை. தலைவாரக் கூடாது. குழம்பில் தாளிப்பு கிடையாது, வெற்றிலை கிடையாது. புடவைக்கு அந்தப் பக்கம் தங்கவேலு விசும்புவதும், இவர் இல்லாத அண்ணனுக்காகத் தொண்டையைச் செருமுவதும் கேட்கும். இந்தப் பக்கம் ஜெயம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பாள். நான் எழுந்து ஜன்னலுக்குப் போவேன், எதிர்ச் சுவரைப் பார்ப்பேன், திரும்பி வந்து உட்கார்வேன். அந்தச் சுவரில் எந்தச் செங்கல் உடைந்திருக்கிறது என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். கதவு திறந்துதான் இருந்தது. அதுதான் என்னை இன்னும் வதைத்தது.

தங்கவேலு குளிக்கக் கீழே போன சமயம் பார்த்து இவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பொய் சொன்னதுதான் சொன்னீங்க, மச்சான்னு சொல்லியிருக்கக் கூடாதா? மச்சானுக்குத் தீட்டு ஒட்டாதுல்ல?"

"மச்சான்னா ஒரு வேளைச் சோறுதான் போடுவாங்க. பங்காளின்னாதான் தங்கச் சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றார் இவர்.

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடும்படி கேட்டேன். இவர் தலையைக் குனிந்துகொண்டார். ராத்திரி தங்கவேலு இவர் மடியில் தலை வைத்துத்தான் தூங்கினாராம். அந்த மனுஷனிடம் போய், நான் உனக்கு யாருமில்லை என்று எந்த வாயால் சொல்வது என்று கேட்டார். எனக்கு அந்த வாயைக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. அதோடு இன்னொரு கவலையும் இவருக்கு இருந்தது. இறந்தவரைவிட இளைய பங்காளிகள் தலையும் மீசையும் மழிக்க வேண்டும். தான் மூத்தவனாக இருந்தால் தப்பிக்கலாம் என்று, செத்துப் போனவருக்கு வயசு என்ன என்று தங்கவேலுவிடம் துக்கம் விசாரிப்பது போலக் கேட்டுப் பார்த்திருக்கிறார். இவரைவிட ஆறு வயசு மூப்பு.

அன்று சாயங்காலம் ஜெயம்மா ஆட்டுரலை ஜன்னல் ஓரம் உருட்டிவந்து கவிழ்த்துப் போட்டாள். அதன் மேல் ஏறி நின்று இடது பக்கமாகக் கழுத்தை நீட்டச் சொன்னாள். இரண்டு கூரைகளுக்கு நடுவே தங்கமாக ஒரு நுனி தெரிந்தது. சூலே பகோடாவின் உச்சி. விளக்கு ஏற்றியிருந்தார்கள்.

"நான் தெனம் பாப்பேன்" என்றாள்.

நான் பின்மனாவிலிருந்து வந்தது பகோடா உச்சியின் நுனியை ஆட்டுரலில் ஏறிப் பார்க்கவா என்று மனசுக்குள் சீறினேன். ஆனாலும் கழுத்து வலிக்கும் வரை நின்று பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் முழுக்கு, முழுகிய ஈரம் காய்வதற்குள் வண்டி. போனால் இன்றைக்குப் போனதுதான். ஆண்கள் இரண்டு பேரும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. எங்களுக்கு இந்தத் தீட்டு இல்லை ஜெயம்மா, நாங்கள் ஆலடிக் கருப்பர் வகையறா இல்லை, இந்த மனுஷன் தங்க இடம் கிடைக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார் என்று குசுகுசுவென்று கொட்டித் தீர்த்தேன்.

அவள் அரிசியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெரியும்க்கா."

அவள் என் கையைக் கண்ணால் காட்டினாள்.

"ஆலடிக் கருப்பர் வீட்டுக்கு வாக்கப்பட்டவ கறுப்பு வளையல் போடவே மாட்டா. சாமி குத்தம். நீங்க உள்ள வரும்போதே பாத்துட்டேன்."

கை நிறையக் கலகலவென்று போட்டுக்கொண்டு மூணு நாளாக அவள் முன்னால் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவருக்கு வளையல் எல்லாம் கண்ணில் படாது என்றாள். முதல் நாள், சரி, வயிற்றுக்குத்தானே பொய் சொல்கிறார்கள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாளாம். சாயங்காலம் சாவுச் செய்தி வந்த பிறகு சொல்ல மனசு வரவில்லையாம்.

"நீங்க இல்லன்னா இந்தத் தீட்டை அவரு ஒத்தையா உக்காந்து கழிச்சிருக்கணும்க்கா. ஒங்க வீட்டுக்காரரு மடி குடுத்தாரு. எனக்கும் பேச ஒரு ஆளு." அவள் ஒரு கல்லை எடுத்து ஓரமாகப் போட்டாள். "ஒங்களுக்குத் தீட்டு இல்ல. போய்ப் பாத்துட்டு வாங்க. எந்திரிச்சுக் கேட்டா குழாயடிக்குப் போயிருக்காங்கன்னு சொல்றேன்."

அவள் மனசு மாறுவதற்குள் என்று படியில் தடதடவென்று இறங்கினேன். தெருமுனையில் போய் நின்றேன். வெயில், கூட்டம், சுண்டல் வாசனை, தலையில் பூ வைத்த பர்மாக்காரிகள், தாடி வைத்த சாயபுகள், எல்லாம் ஒரே நேரத்தில் முகத்தில் வந்து அடித்தது. டிராம் வந்தது. கனகாம்பாள் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. கம்பியைத் தொட்டுக்கொண்டு, புகையில்லாமல், என் எதிரே வந்து நின்றது. ஜன்னல் ஓரம் ஒரு இடம் காலியாக இருந்தது. ஏறுவதற்குக் காலைத் தூக்கியும்விட்டேன்.

சீட்டுக் கொடுக்கிறவன் கையை நீட்டினான். அப்போதுதான் என் கையில் ஒரு காலணாகூட இல்லை என்பது எனக்கு உறைத்தது. எங்கள் காசு எல்லாம் இவர் இடுப்புப் பையில். இவர் தூங்குவது தங்கவேலுவுக்குப் பக்கத்தில். எழுப்பிக் கேட்டால் எதற்கு என்று இரண்டு பேரும் கேட்பார்கள். டிராம் மணி அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்தக் காலி இடமும் போனது. தீட்டு விட்டும் எனக்கு விடுதலை இல்லை. தெரு நடுவில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல்.

திரும்பி மாடி ஏறினேன். வேறு எங்கே போவது? என் முகத்தைப் பார்த்ததும் ஜெயம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவளே தன் மண்டையில் தட்டிக்கொண்டாள். எழுந்து அரிசிப் பானைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவி, ஒரு துணி முடிச்சை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு நாலணா. கறுத்துப் போயிருந்தது.

"இந்தாங்க. ஓடுங்க, அடுத்த வண்டி வந்துரும்."

வீட்டுச் செலவுக்கு வைத்திருப்பாள் என்று நினைத்து, எதற்கு வைத்திருந்த காசு என்று கேட்டேன்.

"டிராமுக்குத்தான். நான் இந்த ஊருக்கு வந்த வருஷம் ஒளிச்சு வச்சது."

"வந்து எத்தன வருஷம் ஆச்சு?"

"பதினொண்ணு."

"அப்புறம் ஏன் போகல?"

"தனியா எப்படிக்கா போறது?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

தங்கவேலுவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் துரை வீட்டில் வேலை. மற்ற பெண்கள் அவரவர் ஆட்களோடு போவார்கள். இவள் கீழே குழாயடி, மூலையில் மீன் கடை, திருவிழா என்றால் காளியம்மன் கோயில். அவ்வளவுதான் அவளுடைய ரங்கூன். மூணு நாள் அடைபட்டதற்கு நான் உள்ளுக்குள் எத்தனை சாபம் விட்டிருப்பேன்! நீயும் வா, இரண்டு பேரும் போவோம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எனக்கு நெசத் தீட்டுக்கா" என்று கையை விடுவித்துக்கொண்டாள்.

அந்தக் காசை வாங்கிக்கொண்டு நான் மட்டும் போக முடியுமா? போயிருக்கலாம். கால் துடித்தது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவளுடைய பதினோரு வருஷத்தை நான் ஒருத்தி ஏறி உட்கார்ந்து செலவழித்துவிட்டு வந்து, டிராம் எப்படி இருந்தது என்று அவளுக்கே கதை சொல்வதா? முடிச்சைக் கட்டி அவள் மடியில் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறத்தை இழுத்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் ஆட்டுரலில் முதலில் அவளை ஏற்றிவிட்டு, அப்புறம் நான் ஏறினேன்.

நாலாம் நாள் விடிகாலையில் வளையல்களைக் கழற்றி அவளுடைய மசாலா டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அவள் பார்த்துவிட்டு டப்பாவை நகர்த்தி வளையலை மறைத்தாள். நாலு பேரும் ஆற்றுக்கு நடந்தோம். ஆண்கள் முன்னால், நாங்கள் பின்னால். கடைத்தெருவைத் தாண்டினோம், டிராம் தண்டவாளத்தைத் தாண்டினோம். ஆற்றங்கரை ரஸ்தாவுக்கு வந்ததும் மலை மலையாகக் கட்டடங்கள், தூண்கள், கப்பல்களின் புகைக்கூண்டுகள். ஜெயம்மா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அக்கா, அது என்னக்கா?"

ரங்கூனில் குடியிருக்கிறவள் பின்மனாக்காரியைக் கேட்கிறாள். எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து, தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"அது கவர்னர் வீடு" என்றேன்.

"அப்ப அது?"

"அது கவர்னர் பெண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போய் இருக்கிற வீடு."

துக்கத்தில் நடக்கிறோம் என்பதை மறந்து அவள் சிரித்துவிட்டு, முந்தானையைக் கடித்துக்கொண்டாள். இவர் திரும்பி முறைத்தார். நான் நிறுத்தவில்லை. கரை வரைக்கும் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு சொந்தக்காரனை வைத்தேன். பொய் இவ்வளவு லேசாக வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. இவருக்கு மட்டும் ஏன் சரியாக வரவில்லை என்றுதான் யோசித்தேன்.

படித்துறையில் நாவிதர் இவர் மீசையில் கத்தியை வைத்தபோது இவர் கண்ணை மூடிக்கொண்டார். தங்கவேலு செத்துப் போன அண்ணன் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். இவரையும் விடச் சொன்னார். இவர் விட்டார். அப்போது இவர் அழுதது நடிப்பில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். ஜெயம்மாவும் நானும் கையைக் கோத்துக்கொண்டு முழுகினோம். ஈரப் புடவையோடு அதே ரஸ்தாவில் திரும்பி நடந்தபோது வேலைக்குப் போகிறவர்கள் விலகி வழிவிட்டார்கள். நான் ரங்கூனைப் பார்த்தது அந்தப் போக வர ஒரு நடைதான்.

கிளம்பும்போது ஜெயம்மா தெருவாசல் வரை வந்தாள். அந்தத் துணி முடிச்சை என் இடுப்பில் செருகினாள். நான் தடுத்தேன்.

"ஒங்ககிட்ட இருக்கட்டும். இங்க இருந்தா என்னைக்காவது அரிசி வாங்கிருவேன்" என்றாள்.

தங்கவேலு ஸ்டேஷன் வரை மூட்டையைச் சுமந்து வந்தார். வண்டி புறப்படும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் அண்ணனுக்குத் தெவசம் வருகிறது, பங்காளி இல்லாமல் தான் ஒருத்தனாகச் செய்ய முடியாது, பாஸ் எடுத்துக்கொண்டு அவசியம் வரவேண்டும் என்று சொன்னார். வருஷத்துக்கு இருப்பது ஒரே ஒரு பாஸ். அதையும் அந்தப் பின்சந்து ஜன்னலுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். இவர் மழித்த மேலுதட்டைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வர்றோம் தம்பி" என்றேன் நான்.

வண்டி ஊரைத் தாண்டியதும் இவர் மெல்ல ஆரம்பித்தார். மூணு நாளும் மனசு அறுத்துக்கொண்டே இருந்ததாம். அந்த மனுஷன் சொந்த அண்ணனாகவே நினைத்துவிட்டாராம். இனிமேலும் ஏமாற்றினால் ஆலடிக் கருப்பரே கேட்பாராம். பின்மனா போய்ச் சேர்ந்ததும் உள்ளதை எழுதிப் போட்டு, காலில் விழுவதாக மன்னிப்புக் கேட்டுவிடப் போகிறாராம். நீதானே சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உயிரை எடுத்தாய், இப்போது திருப்தியா என்று கேட்டார்.

நான் இடுப்பில் கையை வைத்துப் பார்த்தேன். முடிச்சு இருந்தது. கை மூளியாக இருந்தது.

"ஒரு வார்த்த எழுதினீங்கன்னா பாருங்க" என்றேன். "நீங்க பங்காளி இல்லன்னா நான் அவளுக்கு யாரு?"